பாலத்தடியில் ஒரு பாகம்

இது நடந்தது. கட்டுக்கதை என்பவர்கள் கிண்ணியாப் பாலத்தடிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். பேய் இருட்டில்தான் வரும் என்று யார் சொன்னது? இது வந்தது உச்சிவெயிலில், உரும நேரத்தில்.

அன்று காலை துறைமுக வீதியைத் தோண்டிய பெக்கோ இயந்திரம், றுவைஸ் வேலை செய்யும் கொம்பனியின் இணையக் கேபிளை அறுத்துப்போட்டது. வங்கிகளும் ஃபோன் கொம்பனிகளும் அவர்களிடம்தான் லைன் வாங்குகின்றன. ஆகவே ஊரில் ஃபோன்களும் செத்துவிட்டன. மேலாளர் பாக்கியரத்தினம் குழிக்கரையில் நின்று கத்தினார்.

"மூண்டு மணிக்குள்ள லைன் வரோணும். வராட்டி நாளைக்கு வேலைக்கு வராதேங்கோ."

சொல்லிவிட்டு ஏசி வாகனத்தில் சாப்பிடப் போனார். அறுத்தது யாரோ, ஏச்சு வாங்குவது றுவைஸ். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பழைய கேபிள். இழைகளின் நிறம் மங்கிவிட்டது. பாலம் தாண்டி அக்கரையில் ஒருவர் ஒவ்வோர் இழைக்குள்ளும் சிவப்பு லைட் அடிக்க வேண்டும். இங்கே எதில் வெளிச்சம் வருகிறதோ அதை ஒட்ட வேண்டும். அதற்காகப் புதுப் பையன் இராகுலனை மோட்டார் சைக்கிளில் அனுப்பியிருந்தான். ஃபோன் இல்லாததால் லைட்தான் பேச்சு. இரண்டு சிமிட்டல் குறுக்கம், ஒன்று நீளம் என்றால் 'வந்துவிட்டேன்.'

12.20. ஒன்றுமில்லை. "எங்கயடா போய்த் துலைஞ்சாய்?"

12.34. சிவப்பு. குறுக்கம், குறுக்கம், நீளம்... பிறகு குட்டியாக இன்னொன்று.

றுவைஸின் கை நின்றது. அந்தக் குட்டிச் சிமிட்டல் றஊபின் பகிடி. 'தேத்தண்ணி குடிச்சியா?' என்று அர்த்தம். றஊப் முன்பு அக்கரையில் நின்று லைட் அடித்தவன்; போன வருடம் பாலத்தடிக் குழியில் வேலை செய்யும்போது லொறி அடித்து மௌத்தானவன். இராகுலன் அவனைக் கண்டதே இல்லை.

யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எரிச்சலோடு ஒட்டினான். அடுத்த இழைக்குக் கை போனது. தொடுமுன்பே அது சிவந்தது...

அடுத்ததும் அப்படித்தான்...

1.50. கடைசி இழை. சட்டைப்பையில் ஃபோன் 'டிங்' என்றது. லைன் வந்துவிட்டது.

பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம். இராகுலன்.

"குறை நினைக்காதேங்கோ நானா. அக்கரைக்குப் போக ஏலாமப் போச்சு."

"அப்ப லைட் அடிச்சது?"

"நான் அடிக்கேல்லையே. பாலத்துக்கு இஞ்சாலயும் பெக்கோ றோட்டைத் தோண்டி மறிச்சு, எங்கட கேபிளையும் வெட்டிப்போட்டுது. ஒரு பாகம், ஆறடிக்குக் கேபிளே இல்லை."

இருவரும் போய்ப் பார்த்தார்கள். றஊபின் குழி இருந்த அதே இடம். இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை. நடுவில் வெறும் மண்.

இராகுலன் நடுவில் கையை விட்டான். இரண்டு ஃபோன்களிலும் சிக்னல் போனது.

கையை எடுத்தான்... வந்தது.

மேலாளரிடம் சொன்னார்கள். "லைன் வருதுதானே? கை வைக்காதேங்கோ." குழியை மூடச் சொன்னார். அடுத்த வாரமே அந்த லைனில் இன்னொரு வங்கியைச் சேர்த்தார்.

றுவைஸின் வேலை போகவில்லை. தினமும் 12.34க்கு லைன் விட்டு விட்டு வரும். யார் லைனில் கை வைக்கிறது என்று மேலாளர் அவனைத்தான் ஏசுவார். அவன் ஃபோனில் சிக்னல் போய்ப்போய் வருவதை எண்ணுவான்.

குறுக்கம், குறுக்கம், நீளம்.

பிறகு... குட்டியாக ஒன்று.