முதுகு காட்டிய கச்சேரி

வீடு மாற்றிக் கொடுப்பது என் தொழில். ஒற்றைத் தள்ளுவண்டியோடு ஆரம்பித்தவன் நான். இன்றைக்கு என் வேன்களை நிறுத்தத் தெரு போதவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்கிறார்கள். அந்தப் புகாரைக் கேட்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் வகுப்புக்குள் உட்கார்ந்ததைவிட வெளியே நின்றதுதான் அதிகம். இருந்தாலும் டாக்டர், வக்கீல், பேராசிரியர் எல்லோரும் வீட்டுச் சாவியை என் கையில்தான் நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் இது என் கதை இல்லை. அதற்கு ஒரு புத்தகம் காணாது. இது என் மச்சானின் கதை.

மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் தம்பி. எங்கள் வேன் கொட்டகையில் அவனுக்குப் பெயர் பொறுமை. நல்ல குணத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வீட்டைக் காலி செய்யப் போனால் மற்றவர்கள் அலமாரியோடு படி இறங்கிக்கொண்டிருப்பார்கள்; இவன் கூடத்தின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். எந்த நாற்காலி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்த மேஜைக் காலுக்கு அடியில் காகிதம் மடித்து வைத்திருக்கிறது, எல்லாவற்றையும் கண்ணால் குடித்த பிறகுதான் கை வைப்பான். புது வீட்டில் ஒவ்வொன்றையும் பழைய வீட்டில் இருந்தபடியே வைத்துவிட்டு வருவான். "வீடு மாறின மாதிரியே இல்லீங்க" என்று வயதானவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பெயரெல்லாம் எனக்குத்தான் வந்து சேர்ந்தது. முதலாளி நான்தானே.

அதில் ஒரு கோளாறும் உண்டு. ஒரு வக்கீலின் பழைய வீட்டில் கட்டில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரை ஒட்டிக் கிடந்தது. புது வீட்டில் அந்தச் சுவரில் குளியலறைக் கதவு. இவன் கட்டிலை அங்கேயே போட்டுவிட்டான். மறுநாள் வக்கீல் கட்டிலில் ஏறி அந்தப் பக்கம் குதித்துக் குளிக்கப் போயிருக்கிறார்.

"ஏம்ப்பா, கதவு கண்ணுக்குத் தெரியலியா?" என்று கத்தினேன்.

"தெரிஞ்சுது அத்தான். ஆனா கட்டில் அங்கதானே இருந்துச்சு."

இவனை என்ன செய்வது? வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பேன். வீட்டில் எனக்குச் சாப்பாடு வேண்டுமே.

எங்கள் கொட்டகையின் மாடி அறையில் ஒரு பாட்டுக் குழு பயிற்சி செய்துகொண்டிருந்தது. நாட்டுப்புற ராக் என்று சொல்லிக்கொண்டார்கள். நாற்று நடும்போதும் வலை இழுக்கும்போதும் யார் யாரோ பாடி வைத்த பாட்டுக்குக் கரண்டு கனெக்ஷன் கொடுக்கிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். கிட்டார் வாசிக்கும் தலைவர் உச்சந்தலையில் முடியைச் சுருட்டி முடிந்திருப்பார். எனக்கு அவர் கொண்டைத் தம்பி. பாடுகிற பெண்ணுக்குத் தையல் வேலை. மிஷின் சத்தத்தை மீறிப் பாடிப் பழகிய குரல். கீழே நிற்கும் என் வேன் கண்ணாடி அதிரும். டிரம்ஸ் அவள் புருஷன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் பாடுவாள். வேறு முகம் தெரிந்தால் அடுத்த வரி தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் எல்லோரும் வட்டமாக, ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்து வாசிப்பார்கள். 'அக்கரைக் கூப்பாடு' என்ற புது ஆல்பத்தையும் அந்த வட்டத்தில் உட்கார்ந்துதான் பதிவு செய்தார்கள். அது எப்படியோ கடல் தாண்டிப் போய், நாடு நாடாக வந்து பாடுங்கள் என்று அழைப்பு வந்துவிட்டது.

ஒரு நாள் மச்சான் என் முன்னால் வந்து நின்றான்.

"அத்தான், கொண்டைத் தம்பி என்னைக் கூப்பிடறாரு."

"எதுக்கு? மாடியில ஏதாவது நகர்த்தணுமாமா?"

"வெளிநாட்டுக்கு. ஊர் ஊரா சாமானைக் கொண்டுபோய் மேடையில வைக்கணுமாம்."

"நான் இன்னும் சரின்னு சொல்லலியே."

"உங்களைக் கேக்கலியே அத்தான். என்னைத்தானே கேட்டாரு."

நியாயம்தான். பெண் பார்த்ததிலிருந்து சட்டைத் துணி எடுத்தது வரை அவனுக்கு எல்லாம் நான் செய்தது. தலை நரைக்கத் தொடங்கிய பிறகு, அவனாகத் தேடிக்கொண்ட முதல் வேலை இது. முதல் இரண்டு ஊரில் சரிப்பட்டால் பயணம் முழுக்க அவன். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியது. அதுதான் பேச்சு. திரும்பி வந்தால் கொட்டகையில் அவனை ஓட்டி எடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு முன்னால் நானே ஆரம்பித்துவிடுவேன்.

"பாஷை தெரியாத ஊர்ல என் தம்பி தனியா திண்டாடுவான்" என்று வீட்டுக்காரி ஒரே பிடியாக நின்றாள். அதனால் நாங்களும் கிளம்பினோம். என் சொந்தச் செலவு. யாருக்கும் கடமைப்படுவது எனக்குப் பழக்கமில்லை.

முதல் ஊர். பெரிய அரங்கம், சிவப்புத் திரை. ஆல்பத்தைப் பற்றிப் பேசக் குழுவினரை வானொலி நிலையத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நானும் வீட்டுக்காரியும் கடைத்தெரு பார்க்கப் போய்விட்டோம். நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் நடந்தது நடந்திருக்காது. மேடையில் மச்சான் தனியாள். அரங்கத்து ஆட்கள் அவர்கள் பாஷையில் என்னவோ கேட்டார்களாம். இவன் தலையைத் தட்டிக் காட்டி, எல்லாம் இங்கே இருக்கிறது என்று சைகை செய்தானாம். எவ்வளவு தெளிவான ஆள் என்று அவர்களும் விலகிக்கொண்டார்கள்.

இவன் என்ன செய்தான்? எங்கள் மாடி அறையை அப்படியே அந்த மேடையில் இறக்கிவிட்டான். கிழிந்த கம்பளம், தண்ணீர்க் கூஜா, அறையில் மாட்டியிருந்த சுவர்க் கடிகாரம். அதை மாட்டச் சுவர் இல்லாததால் ஒரு கம்பு நட்டிருந்தான். கொண்டைத் தம்பியின் ஆடுகிற நாற்காலிக்கு அடியில் அதே செங்கல். அந்தச் செங்கல் விமானத்தில் வந்தது என்றால் நம்புவீர்களா? சுற்றிலும் வட்டமாக இருக்கைகள்.

வானொலிக்குப் போனவர்களின் வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டது. ஜனம் வந்து உட்கார்ந்த பிறகு, மூச்சிரைக்கப் பின்வாசல் வழியாக ஓடி வந்தார்கள். திரை மூடியிருந்தது. ஆளுக்கு ஒரு பக்கமாகப் போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் ஒரு நிம்மதி வந்திருக்க வேண்டும். சொந்த இடம் போல அல்லவா இருந்தது? யாருக்கும் ஒரு சந்தேகம் வரவில்லை. கொண்டைத் தம்பி தலையாட்டினார், பாட்டு தொடங்கியது, திரை விலகியது.

முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது தையல்காரியின் பின்னலும் ரவிக்கையின் முதுகுப் பித்தானும்தான். பக்கத்தில் இன்னும் இரண்டு முதுகு. ஜனத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் டிரம்ஸ்காரரும் கொண்டைத் தம்பியும்தான். டிரம்ஸ்காரர் பெண்டாட்டியைத் தவிர வேறெதையும் பார்க்கிறவர் இல்லை. கொண்டைத் தம்பியின் முகம் மட்டும் வேக வைத்த மாதிரி வெளுத்துப்போனது. பாட்டைப் பாதியில் நிறுத்தவும் முடியாது.

ஆனால் என்ன பாட்டு! அந்தப் பெண் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் திரை விலகியதே அவளுக்குத் தெரியாது. பாட்டு முடிந்து கைத்தட்டல் இடி மாதிரி இறங்கியதும் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"ஐயையோ, இவ்வளவு பேரா!"

மைக் அதையும் ஊருக்கே சொன்னது. பாஷை புரியாவிட்டாலும் ஜனம் சிரித்தது.

"திரும்பி உக்காருங்க அக்கா" என்று கொண்டைத் தம்பி பல்லைக் கடித்தார்.

"மாட்டேன். வரி மறந்துபோகும்."

கொஞ்ச நேரம் இழுபறி. கடைசியில், வட்டத்தைப் பிரித்துப் பாதி வட்டமாகப் போடு என்று மச்சானுக்குச் சைகை போனது. அவன் மேடைக்கு வந்தான். வந்து, நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அத்தனை பேருக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

எனக்குக் கை துறுதுறுத்தது. நான் ஏறினால் நாலே வீச்சில் முடிகிற வேலை. எழுந்தும் விட்டேன். வீட்டுக்காரி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, உக்காருங்க. அது அவன் வேலை."

"மானம் போகுதுடி."

"போனா அவன் மானம்தானே? நீங்க உக்காருங்க."

முதலில் கூஜாவை நகர்த்தினான். யாரோ ஒருவர் கை தட்டினார். நாற்காலியை நகர்த்தினான், ஒரு வரிசையே தட்டியது. செங்கல்லைத் தூக்கி, தூசி தட்டி, நாற்காலிக் காலுக்கு அடியில் செருகி, ஆட்டிப் பார்த்து, திருப்தியாகத் தலையசைத்தபோது அரங்கமே எழுந்துவிட்டது. இவன் அதற்கு ஒரு கும்பிடாவது போட்டானா? உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் அதட்டிவிட்டு உள்ளே போனான்.

அதற்கப்புறம் பாட்டுத்தான் படுத்துவிட்டது. பாதி வட்டத்தில் உட்கார்ந்த தையல்காரிக்குக் கடைக்கண்ணில் ஜனம் தெரிந்தது. இரண்டு இடத்தில் வரி தப்பி, ஒரு பாட்டை ஹம்மிங்கிலேயே முடித்தாள்.

மறுநாள் காலை, விடுதியின் சாப்பாட்டு அறையில் எல்லோரும் காப்பிக் கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தார்கள். கொண்டைத் தம்பிதான் வாயைத் திறந்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இது வீடு இல்ல, மேடை. நீங்க அத்தான்கூட ஊருக்குப் போயிடறது நல்லது. நாளைக்கு உள்ளூர் ஆளை வெச்சுக்கறோம்."

இந்த மாதிரி சமயத்தில் பேசத்தான் நான் பிறந்திருக்கிறேன். எத்தனை கோபக்கார வாடிக்கையாளர்களை மடக்கியவன்! தொண்டையைக் கனைத்தேன்.

"அத்தான், நீங்க சும்மா இருங்க" என்றான் மச்சான்.

என்னிடம் அவன் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. வீட்டுக்காரி ரொட்டித் துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

"தம்பி, ரெண்டு ஊர்னு சொன்னீங்க. ஒண்ணுதான் ஆச்சு" என்றான் கொண்டைத் தம்பியிடம். "உங்களை வட்டமாத்தான் நான் பாத்திருக்கேன். பாத்ததை வெச்சேன். ஜனம் முன்னாடி எப்படி உக்காரணுமோ, இப்ப இங்க உக்காந்து காட்டுங்க. ஒரு தடவை பாத்துட்டேன்னா போதும்."

"இங்கயா? சாப்பாட்டு ரூம்லயா?"

"எனக்கு எந்த ரூம்னாலும் ஒண்ணுதான்."

கொண்டைத் தம்பி மற்றவர்கள் முகத்தைப் பார்த்தார். டிரம்ஸ்காரர் முதலில் எழுந்தார். முணுமுணுத்துக்கொண்டே மேஜைகளைத் தள்ளி, ஆளுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு, கச்சேரிக்கு உட்காருவதுபோல உட்கார்ந்தார்கள். பரிமாறுகிறவர் தட்டோடு வந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

"ஜனம் எங்க?" என்றாள் தையல்காரி.

மச்சான் சுற்றுமுற்றும் பார்த்தான். "அக்கா, நீங்களும் அத்தானும் அந்த ஜன்னலோரம் போய் உக்காருங்க. நீங்கதான் ஜனம்."

எத்தனை சங்கக் கூட்டங்களில் மேடையில் உட்கார்ந்தவன் நான்! என்னை ஜனமாக்கிவிட்டான். போய் உட்கார்ந்தேன்.

தையல்காரி எங்களைப் பார்த்து மெதுவாக ஒரு வரி பாடினாள். திக்கினாள். வீட்டுக்காரி, தம்பி கெட்டிக்காரன் என்ற பெருமையிலோ என்னவோ, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு தலையாட்டினாள். தையல்காரி அடுத்த வரியைப் பிடித்துவிட்டாள். அதற்கடுத்ததும் வந்தது.

"எனக்கு அக்கா முகம் போதும்" என்றாள் புருஷனிடம். "உங்க முகத்தைத்தான் தினமும் பாக்கறேனே."

மச்சான் கையைக் கட்டிக்கொண்டு அந்த அறையைச் சுற்றி வந்தான்.

இரண்டாவது ஊரில் எங்களுக்கு மாடி வரிசையில் நல்ல இடம் கொடுத்திருந்தார்கள். உட்கார்ந்து காலை நீட்டியதும் மச்சான் வந்து நின்றான். "எழுந்திருங்க. உங்க இடம் இது இல்ல." கீழே அழைத்துப் போய், முன்வரிசையில் இடதுபக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பருத்த கனவானையும் அவர் மனைவியையும் சைகையாலேயே எழுப்பி, வேறு இடம் காட்டி, எங்களை அங்கே உட்கார வைத்தான். பிறகு மேடையில் ஏறிப் பார்த்தான். திருப்தி இல்லை. மறுபடி இறங்கி வந்து, என் தோளைப் பிடித்து, அன்று ஜன்னலோரம் நான் எப்படி உட்கார்ந்திருந்தேனோ அப்படிச் சற்றுத் திருப்பி வைத்துவிட்டுப் போனான். அலமாரிக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாத பயல்.

திரை விலகியபோது எல்லோரும் ஜனத்தைப் பார்த்து இருந்தார்கள். தையல்காரி முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை என் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்தே பாடினாள். ஒரு வரி பிசகவில்லை. ஜனம் ஆல்பத்தை வாங்க வாசலில் வரிசை கட்டியது. கொண்டைத் தம்பி வந்து மச்சானின் கையைக் குலுக்கினார். உள்ளூர் ஆளைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. நாங்கள் ஊருக்குத் திரும்பியாக வேண்டும். என் வேன்கள் என்னைத் தேடும். "அக்கா போயிட்டா எப்படிப் பாடறது?" என்று தையல்காரி கலங்கினாள். "அக்கா எங்க இருக்கணுமோ அங்க இருப்பாங்க, நீங்க பாடுங்க" என்று மச்சான் சொல்லிவிட்டான். எப்படி என்று எங்களிடம் சொல்லவில்லை. வழியனுப்பவும் வரவில்லை. லாரியில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தான். கத்திக் கூப்பிட்டதற்குக் கையை மட்டும் உயர்த்தினான். வீட்டுக்காரி விமானத்தில் ஏறும் வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள்.

கொட்டகையில் அவன் இடத்துக்கு ஆள் எடுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் வந்ததும் அலமாரியைத் தூக்குகிறார்கள். ஒருவனையும் பிடிக்கவில்லை.

நேற்று போன் செய்தான். எந்த நாடு என்று சொன்னான்; எனக்கு வாயில் நுழையவில்லை. எந்த ஊர் அரங்கமாக இருந்தாலும் முன்வரிசையில் இடதுபக்கம் இரண்டு நாற்காலியைக் காலியாகப் போட்டு வைக்கிறானாம். ஒன்றைக் கொஞ்சம் திருப்பி. தையல்காரி அதைப் பார்த்துப் பாடுகிறாளாம். யாரோ பெரிய மனிதர்கள் வரப்போகிறார்கள் என்று நினைத்து, அமைப்பாளர்கள் அதன் மேல் பூங்கொத்தும் வைக்கிறார்களாம். நாடு நாடாக நாற்காலி போட்டு வைத்திருக்கிற வீடு மாற்றும் தொழிலதிபர் என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வீட்டுக்காரி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"டேய், பாத்துக்கோ. யாராவது வந்து உக்காந்துடப் போறாங்க."

"உக்காந்தா எழுப்பிடுவேன் அக்கா" என்றான்.