ஜப்பானியர் கட்சியைக் கலைத்த பிற்பகல்

நான் எழுதிய நாடகங்களின் கடைசிக் காட்சியை இந்த வருடம்வரை யாரும் பார்த்ததில்லை, நான் உட்பட.

புலம்பெயர்ந்த ஊரில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதுவது என் வேலை. நாடகம் பாதியில் இருக்கும்போது வந்து சேருவது பிரதம விருந்தினரின் வேலை. உடனே நாடகம் நிற்கும். அவருக்குப் பொன்னாடை, மாலை, பிறகு அவருடைய உரை, அந்த உரைக்கு ஒரு நன்றியுரை. இதற்குள் மண்டபத்தை விடவேண்டிய நேரம் வந்துவிடும். ஒருமுறை என் கதாநாயகன் நீதிமன்றக் கூண்டில் நின்றபடியே சபை கலைந்தது. அவன் குற்றவாளியா இல்லையா என்று இன்றுவரை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

இந்த வருடத்து நாடகம் ஒரு ஜப்பானியரைப் பற்றியது. எங்கள் பகுதி வெக்ஸ்போர்ட் நூலகத்துக்கு நீரிழிவுச் சமையல் புத்தகம் தேடிப் போன இடத்தில், தவறான அலுமாரியில் அவரைச் சந்தித்தேன். நூறு வருடங்களுக்கு முன்பே காலமானவர். பத்திரிகை நடத்தினார், எழுதியதற்காகச் சிறைக்குப் போனார். கட்சி தொடங்கினார், அது நிலைக்கவில்லை, கலைத்துவிட்டார். பிறகு ஒரு நாடக அரங்கைக் கட்ட முன்னின்று, அதற்கு நாடகம் நாடகமாக எழுதித் தள்ளினார்.

நானும் பத்திரிகை நடத்தியவன்தான். தமிழ்க் கடை வாசலில் இலவசமாகக் கிடக்கும். வீட்டில் மீன் வெட்டுபவர்களிடம் அதற்கு நல்ல பெயர் இருந்தது. சிறைக்குப் போகவில்லை. போவதென்றால் யாராவது அதை வாசித்திருக்கவேண்டும். தேர்தலிலும் நின்றிருக்கிறேன். எனக்கு விழுந்த வாக்குகள் என் உறவினர்களின் எண்ணிக்கையைவிடக் குறைவு. ஜப்பானியருக்குக் கடைசியில் நாடகம் கைகொடுத்தது. எனக்கும் கொடுத்தால் என்ன என்று அன்றைக்கே எழுதத் தொடங்கினேன்.

கடைசிக் காட்சியில் அவர் திரைக்குப் பின்னால் தனியாக நிற்பார். பத்திரிகையும் இல்லை, கட்சியும் இல்லை. திரைக்கு அந்தப்பக்கம் சனம் தன் நாடகத்தைப் பார்த்துச் சிரிப்பதைக் காதால் மட்டும் கேட்பார். அவ்வளவுதான். நான் எழுதியவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான். அதையாவது முழுதாக மேடையில் பார்த்துவிடவேண்டும் என்று சங்கத் தலைவரிடம் போனேன்.

"அண்ணை, இந்த முறை இடையில நிப்பாட்டவேண்டாம்."

"நான் எப்ப நிப்பாட்டினனான்?"

"போன வருஷம்."

"அது நாடகம் முடிஞ்சுதெண்டெல்லோ நினைச்சனான்."

"மேடையில ஆக்கள் கதைச்சுக்கொண்டு நிண்டவை அண்ணை."

"ஓம், உம்மடை நாடகத்தில எப்பவும் ஆக்கள் கதைச்சுக்கொண்டுதானே நிக்கிறவை. இந்த முறை கவுன்சிலருக்கு எலெக்சன் கேக்கிறவர் வாறார். நேரத்துக்கு வருவார். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்."

அன்றிலிருந்து யோசிக்கத் தொடங்கினேன்.

ஜப்பானியராக நடித்தவர் வீடு விற்பவர். பஸ் தரிப்பிடத்து இருக்கை வாங்குகளில் எல்லாம் விளம்பரமாக அவருடைய சிரித்த முகம் இருக்கும். சனம் அதன்மேல் சாய்ந்துகொண்டிருக்கும். வசனம் மறந்தால் தானே ஒன்றை உண்டாக்கி, என்னுடையதைவிட அதிகம் கைதட்டல் வாங்குவார். அதற்காக அவரை எனக்குப் பிடிக்காது. கிமோனோவை என் மனைவி எங்கள் பழைய திரைச்சீலையில் தைத்திருந்தாள்.

விழா நாள் ஞாயிற்றுக்கிழமை, ரூஜ் பகுதியில் ஒரு மண்டபம். ஐந்து மணிக்கு அது ஒரு பிறந்தநாள்காரருக்குக் கைமாறும். விருந்தினரைக் காணவில்லை. நாடகத்தைத் தொடங்கினோம்.

மூன்றாம் காட்சி, கட்சிக்கு ஆள் சேர்க்கும் கூட்டம். ஒருவரும் வரமாட்டார்கள். அவர் வெறும் கதிரைகளைப் பார்த்துப் பேசிவிட்டுக் கட்சியைக் கலைக்கவேண்டும். வீடு பார்க்க ஆள் வராத ஓப்பன் ஹவுஸ்களில் நின்று பழகியவர், உருக்கமாகவே பேசினார். அப்போது பின்கதவு திறந்தது. தமிழ் தெரியாத வேட்பாளர் கைகூப்பியபடி உள்ளே வந்தார். தலைவர் பொன்னாடையும் மைக்குமாக எழும்பினார்.

திரையோரத்தில் வசனப் பிரதியோடு நின்ற மனைவி என்னை இடித்தாள். "இஞ்சருங்கோ, உவர் மேடைக்கு ஏறுறார். ஏதாவது செய்யுங்கோவன்."

என்னால் முடிந்ததைச் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"அன்பான சபையோரே, ஒரு சின்ன இடைவேளை..." தலைவரின் குரல்.

"வாருங்கோ, வாருங்கோ!" இது தலைவர் இல்லை. கண்ணைத் திறந்தேன். ஜப்பானியர் இடுப்புவரை வளைந்து, மேடையேறிவிட்ட வேட்பாளரை வணங்கிக்கொண்டிருந்தார். இதுதான் தமிழ் முறை என்று நினைத்தாரோ என்னவோ, வேட்பாளர் அதைவிட ஆழமாக வளைந்தார்.

"என்ரை கட்சியில சேர வந்த முதல் ஆள் நீங்கள்தான்." தலைவரின் கையிலிருந்த பொன்னாடையை உருவி வேட்பாளருக்குப் போர்த்தினார். "பிளீஸ் சிட், சேர். யூ ஆர் மை பார்ட்டி." வேட்பாளர் மகிழ்ச்சியோடு உட்கார்ந்தார்.

"நீர் செயலாளர்," என்றார் தலைவரிடம். "உதில இரும். மைக்கைத் தாரும்."

"டேய், விளையாடாதை."

"செயலாளர்மார் கூட்டத்தில கதைக்கிறேல்லை."

சபையிலிருந்து ஒரு குரல் வந்தது: "செயலாளர், கையைக் கட்டிக்கொண்டு இரும்!" மண்டபம் குலுங்கியது. தலைவர் உட்கார்ந்தார். கையையும் கட்டினார்.

பிறகு ஜப்பானியர் நான் எழுதிய இடத்துக்கே, ஒரு சொல் பிசகாமல் வந்து சேர்ந்தார். "இன்றோடு என் கட்சியைக் கலைக்கிறேன்." அடுத்தது மட்டும் அவருடையது: "அங்கத்தவர்கள் கீழே போய் நாடகம் பார்க்கலாம்."

கைதட்டல் கூரையை முட்டியது. அது தனக்கென்று நினைத்த வேட்பாளர் இரண்டு கைகளையும் ஆட்டியபடி இறங்கி, முன்வரிசையில் பொன்னாடையோடு அமர்ந்தார். தலைவர் மைக் இல்லாமல் பின்னால் போனார். உரை இல்லை. நன்றியுரை இல்லை.

கடைசிக் காட்சி வந்தது. வீடு விற்பவர் ஒரு வசனமும் சேர்க்கவில்லை. நின்றார், கேட்டார், மெல்லச் சிரித்தார். காட்சி கொஞ்சம் நீளம்தான். கடைசிக் காட்சியைக் கண்டிராதவன் எழுதினால் அப்படித்தான். ஒருவரும் எழும்பவில்லை. பிறந்தநாள்காரர்கள்கூடப் பலூன்களைப் பிடித்தபடி பின்னால் சத்தமின்றி நின்றார்கள்.

திரை விழுந்தது. சபை எழுந்து நின்று கைதட்டியது.

"போங்கோ மேடைக்கு," என்றாள் மனைவி.

"ஒருத்தரும் கூப்பிடேல்லையே."

"கூப்பிடுறவரிட்டை மைக் இல்லை. நீங்களே போங்கோ."

போனேன். கைதட்டல் ஓயவில்லை. ஓயவேண்டும் என்று நானும் அவசரப்படவில்லை.