செத்தவீடு இல்லாத ஐரிஷ் படம்

அயர்லாந்துக்காரர் பங்குனியில் கொண்டாடுகிற புனித பற்றிக் நாளுக்குச் சம்பந்தி அம்மா லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டுக்கு வருகிறார் என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். கூடவே எனக்கு ஒரு வேலையும் தந்தாள்.

“அப்பா, நல்ல ஐரிஷ் படம் ஒண்டு எடுத்து வையுங்கோ. மாமி அண்டைக்கு அழக்கூடாது. எனக்கு அது போதும்.”

மருமகன் ஐரிஷ்காரன். அவனுடைய அப்பா காலமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஆட்கள் என்றால் ஆண்டுத்திவசம் முடியும்வரை பொங்கல்கூடப் பொங்கமாட்டோம். இவரோ திருநாள் கொண்டாட வருகிறார். கொண்டாடத்தான் வருகிறாரா, துக்கம் ஆற வருகிறாரா? எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

ஒரு கிழமையாக, காலை ஷிப்ட் முடிந்து வந்து பின்னேரங்களில் தேடினேன். முதல் படத்தில் பச்சை மலையும் செம்மறியும் வந்தன. பத்தாவது நிமிடத்தில் சவப்பெட்டி வந்தது. நகைச்சுவை என்று போட்டிருந்த படம் செத்தவீட்டிலேயே தொடங்கியது. இன்னொன்றில் ஆமிக்காரன் வீதியில் மறித்து அடையாள அட்டை கேட்டான். அதை நானே நிறுத்தினேன். ஊரில் கண்டது போதும்; அது பார்க்க எனக்கு ஐரிஷ் படம் தேவையில்லை.

“நல்ல நாளும் பெருநாளுமாச் செத்தவீடோ? மாத்துங்கோ,” என்றாள் மனைவி.

“எல்லாத்திலையும் சாகினம். நான் என்னப்பா செய்யிறது?”

“சாகாத ஆக்கள் அங்கை ஒருத்தரும் இல்லையோ?”

கடைசியில் ஒன்று அகப்பட்டது. ஒரு சிறுமி குதிரைக்குட்டி வளர்த்துப் பந்தயத்தில் வெல்கிறாள். குதிரைகூடச் சாகவில்லை. நம்பிக்கையில்லாமல் இரண்டு தரம் முழுதாகப் பார்த்துவிட்டேன்.

திருநாளன்று மகளும் மருமகனும் சம்பந்தி அம்மாவைக் கூட்டிவந்தார்கள். கழுத்தில் பச்சைச் சால்வை போட்டிருந்தார். படம் முடியும்வரை அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

“இதில் ஒருவரும் சாகவில்லையே,” என்றார் ஆங்கிலத்தில்.

“தேடித்தான் எடுத்தேன்,” என்றேன் பெருமையாக.

அவர் என்னையே பார்த்தார். “நீங்களுமா? நாலு மாதமாக என் முன்னால் ஒருவரும் அவர் பேரைச் சொல்வதில்லை. எல்லாரும் சேர்ந்து அவரை ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த மனிதனை நான் கல்யாணத்தில் ஒரே ஒரு நாள்தான் கண்டிருக்கிறேன். எதைக் கேட்பது? வாயில் வந்ததைக் கேட்டேன்.

“அவர் தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போடுவார்?”

“மூன்று,” என்றார். “வைத்தியர் வேண்டாமென்ற பிறகும் மூன்று.”

சொன்னதும் அழத் தொடங்கினார். மகள் என்னை முறைத்தாள். நான் எழும்பப் போனேன். சம்பந்தி அம்மா என் கையைப் பிடித்து இருத்தினார்.

“இன்னும் கேளுங்கள்,” என்றார்.