பவளப்பாறைக்குப் பேண்டேஜ் துணி

1. வெளுப்பு

அந்த ஏப்ரலில் கடலடி வெப்பமானி முப்பது டிகிரியைத் தாண்டியது. பிறகு இறங்க மறுத்தது. மே மாதக் கடைசியில் எனக்குப் பணி ஓய்வு. மன்னார் வளைகுடாக் கரையில் ஓர் ஆய்வு நிலையத்தில் தொழில்நுட்ப அலுவலர் வேலை. சொந்தம் என்று சொல்ல ராஜபாளையத்தில் அக்காவும் அத்தானும் மட்டும். மற்றபடி குவார்ட்டர்ஸ், கடல், கோப்பு.

அழிந்த பாறைகளில் பவளத் துண்டுகளை நட்டு வளர்ப்பது எங்கள் பணி. இரும்புச் சட்டத்தில் சிமெண்டுப் பலகை. அதில் நூலால் கட்டிய துண்டு. விரல் நீளத் துண்டு புதராக விரிவதற்குப் பல வருடம் ஆகும். நானும் என்னோடு முங்கும் சேவியரும் வளர்த்த அந்த நாற்றங்கால்தான் அந்த ஏப்ரலில் நிறம் இழக்கத் தொடங்கியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பவளம் செடியல்ல, பிராணி. தன் உடம்புக்குள் நுண்பாசிகளைக் குடிவைத்து, அவை சமைப்பதைத் தின்று வாழ்கிறது. நிறமும் அவை தந்ததே. தண்ணீர் சூடானால் அந்தக் குடித்தனக்காரர்களை வெளியேற்றிவிடும். வெளுத்த பவளம் செத்துவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. சீக்கிரம் கடல் குளிர்ந்தால் பிழைக்கும்.

படங்களைத் தலைமையகத்துக்கு அனுப்பினேன். மேலதிகாரி அன்றே போன் செய்தார்.

"என்ன சார், மல்லிகைப்பூ மாதிரி இருக்கு! காலண்டருக்கு வெச்சுக்கலாமே."

"சார், அது பட்டினி."

"அதுக்கென்ன, கீழ ஒரு வரி போட்டுக்கலாம்" என்றார்.

2. பேஷண்ட் பேரு

சூட்டைக் குறைக்க என்னால் ஆகாது. ஆனால் சூட்டோடு உச்சி வெயிலும் சேரும்போதுதான் பவளத்துக்குப் பாதிப்பு அதிகம். சட்டங்களுக்கு மேலே மெல்லிய நிழல் கட்டினால் பாதியாவது தாங்கும் என்று கணக்குப் போட்டேன். பாதுகாக்கப்பட்ட கடல் என்பதால் பிளாஸ்டிக் வலை அங்கே கூடாது. சல்லடை போன்ற பருத்தித் துணி வேண்டும். பேண்டேஜ் துணி நெய்யும் ராஜபாளையத்துக்காரனுக்கு அது எதுவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஸ்டோர்ஸ் சூப்பிரண்டு மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேண்டேஜ் துணின்னா மருத்துவச் செலவு சார். பேஷண்ட் பேரு?"

"அக்ரோபோரா" என்று பவளத்தின் இனப்பெயரைச் சொன்னேன்.

"ஊழியரா, டிபெண்டண்டா?"

"டிபெண்டண்ட்தான்."

அவர் சிரிக்காமல், கொட்டேஷன் வேண்டும் என்று மனுவைத் திருப்பித் தந்தார். விதிப்படி அவர் செய்தது சரி. விதிப்படியே நன்கொடைக்குக் கொட்டேஷன் தேவையில்லை என்பதும் எனக்குத் தெரியும். மறுநாள் அத்தானிடம் கேட்க பஸ் ஏறினேன்.

3. கோரா துணி

அத்தானுக்குச் சொந்தமாகச் சிறிய பேண்டேஜ் யூனிட். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி நடந்ததைச் சொன்னேன்.

"தானா வெளுக்குதா? ஏன் மாப்ளே, இங்க ஒரு பீஸ வெளுக்க நான் எம்புட்டுப் பாடுபடுதேன். உங்க கடலக் கொஞ்சம் இங்க அனுப்பேன்!"

"அத்தான், எனக்கு வெளுக்காத துணிதான் வேணும். மருந்து ஏதும் பட்டிருக்கக் கூடாது."

"அப்ப கோராவ எடுத்துக்கோ. எம்புட்டு வேணும்?"

அக்கா தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாள். "கடலுக்கே கட்டுப் போடப் போறானாம். இவனுக்கு ஒரு கட்டுப் போட ஆளில்ல" என்று அத்தானிடம் சொன்னாள். நான் சாம்பாரில் கவனமாக இருந்தேன்.

4. கஞ்சி

எல்லாச் சட்டங்களுக்கும் துணி கட்டினோம். இரண்டு நாள் கழித்து முங்கினால் பாதித் துணி கந்தல். கிளிமீன்கள் கூட்டமாக நின்று கடித்துக்கொண்டிருந்தன. மேலே வந்ததும் சேவியர் முகக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சார், துணியில என்ன தடவுனீங்க? விருந்து நடக்குது கீழ" என்றார்.

நெசவுக்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். கோரா துணியில் அது அப்படியே இருக்கும். ரசாயனத்துக்கு அஞ்சிய எனக்கும், பிறந்தது முதல் கஞ்சி வாசனையில் வாழும் அத்தானுக்கும் அது தோன்றவில்லை. போன் செய்தேன்.

"மீனு தின்னுதா? நல்ல கஞ்சில்லா, திங்காம என்ன செய்யும்?" என்று சிரித்தார். பிறகு கஞ்சி போக அவித்த துணியைப் பார்சல் சர்வீஸில் போட்டுவிட்டார்.

அதற்குள் ஒரு வாரம் வீண். கடற்கரைப் பக்கத்துச் சட்டங்கள் முழுக்க வெள்ளை. நடு வரிசையில் மட்டும் வெளிறிய பழுப்பு மிச்சம். வந்த துணி அந்த வரிசைக்கு மட்டுமே போதும், அதற்கே கட்டினோம். துணியில் பாசி பிடிக்கும். அன்றாடம் முங்கித் தேய்த்தோம். மே கடைசி நாளிலும் தேய்த்தேன். மாலையில் சால்வை போட்டு அனுப்பிவிட்டார்கள். கடல் இன்னும் குளிரவில்லை.

5. சொந்த ஊர்

இப்போது சொந்த ஊருக்குப் பக்கத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி வீடு. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்டார். "அண்ணாச்சி என்ன வேல பாத்திய?"

"பவளம் வளர்த்தேன்."

"நகைக்கடையா?"

"ஆமாம்" என்றேன். விளக்கத் தொடங்கினால் டீ ஆறிவிடும்.

மழை தொடங்கிய பிறகு சேவியர் கூப்பிட்டார். "சார், நடு வரிசை நிறம் திரும்பிருச்சு!"

"சுத்தி?"

"சுத்தி எல்லாம் செத்து, மேல பாசி ஏறிப் போச்சு சார். பக்கத்துப் பவள மேடும் போச்சு."

நேரில் போய்ப் பார்க்கத் தோன்றியது. வெளியாள் அங்கே முங்க அனுமதி வேண்டும். அந்த மனுக்களை எந்தக் காரணம் காட்டி நிராகரிப்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். காரணங்களில் சில நான் எழுதிக் கொடுத்தவை.

அடுத்த மார்ச்சில் மறுபடியும் போன். "முட்டை விட்டுருச்சு சார்! ரோஸ் கலர்ல மிதக்குது. நம்ம பிள்ளைங்க பெரிசாயிருச்சு!"

நடு வரிசை முழுவதும் ஒரே தாய்ப் பவளத்திலிருந்து வெட்டி நட்ட துண்டுகள். எத்தனை புதராக வளர்ந்தாலும் அவை ஒரே உயிர்தான். அந்த இனத்தில் ஒரே பவளம் முட்டையும் விந்தும் விடும், ஆனால் தன் முட்டை தன் விந்தோடு அநேகமாகச் சேராது. வேறு தாயிலிருந்து வந்த பவளம் அருகில் வேண்டும். அருகில் இருந்தவை எல்லாம் அந்தக் கோடையில் போய்விட்டன.

நான் கற்றது இவ்வளவுதான். ஒன்றுக்கு நிழல் கட்டி அதைச் சாகாமல் பார்த்துக்கொள்ளலாம். அது பெருக வேண்டுமானால் அக்கம்பக்கமும் உயிரோடு இருக்க வேண்டும். அதற்குக் கடல் குளிர வேண்டும். அது கரையில் புகைவிடும் நம் எல்லாருடைய வேலை. இனி நடுகிறவர்கள் பல தாய்களிலிருந்து துண்டு எடுங்கள். வெயில் வருமுன் எடுங்கள்.

"சார், லைன்ல இருக்கீங்களா? சந்தோஷம்தானே?" என்றார் சேவியர்.

"சந்தோஷம், சேவியர். எந்தப் பக்கம் மிதந்து போகுது?"

"தெக்க, சார்."

தெற்கே எங்காவது அந்த முட்டைகளோடு சேர ஒரு பவளம் தப்பியிருக்கிறதா என்று அவரும் நானும் கேட்டுக்கொள்ளவில்லை.