பாறையடியில் விட்ட பூட்ஸ்

நான் பிழைக்க வந்த ஜெர்மன் ஊரில் ஞாயிறானால் எல்லோரும் மலை ஏறுகிறார்கள். ஒருவரும் சாமி கும்பிடுவதில்லை. வந்த புதிதில் நானும் போனேன். தூண் தூணாக நிற்கும் பாறைகள். முதல் பாறையடியிலேயே யோசிக்காமல் குனிந்து பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தேன். ஏற்காடு மலையில், மாரமங்கலத்தில், எங்கள் வீட்டு வழக்கம் அது. பாறை சாமி, செருப்புக்கால் படக்கூடாது. இறங்கி வந்தால் பூட்ஸைச் சுற்றி மீட்புக்குழு! எவனோ விழுந்து செத்தான் என்று ஒரு கிழவர் போன் போட்டிருக்கிறார். "ஹைலிக்," என்றேன், புனிதம் என்ற அர்த்தத்தில். "யாருக்கு?" என்று கிழவர் பாறையை அண்ணாந்து பார்த்தார். மானம் போயிற்று. அதன்பின் பன்னிரண்டு வருடம் எந்தப் பாறையிலும் பூட்ஸைக் கழற்றவில்லை.

இந்தத் தை மாதம் அப்பா போய்விட்டார். விமானம் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொள்ளி வைக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: பதினாறாம் நாள் மூத்த மகன் பாறை உச்சியில் விளக்கேற்ற வேண்டும். அதையாவது செய்துவிட வேண்டும் என்று அந்தப் பதினாறு நாளும் இருப்புக் கொள்ளவில்லை. அங்கே இருந்தால் இங்கே நினைப்பு, இங்கே வந்தால் திரும்பும் டிக்கெட் நினைப்பு. என்ன பிறப்போ!

"ஏனுங்ணா, பூட்ஸோடயா?" என்றாள் தங்கை சித்ரா, பதினாறாம் நாள் பாறையடியில். நாலு எட்டு ஏறியிருந்தேன். கூசிப்போய் இறங்கிக் கழற்றினேன்.

ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த உருண்டைப் பாறைகள், நடுவே ஆள் நுழையும் சந்து. சின்ன வயதில் ஓடி ஏறிய இடம். சாயங்காலமாகியும் பாறை சுட்டது. பாதி தூரத்தில் பாதம் கிழிந்து ரத்தம் வந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

"காலு பச்சப்புள்ள காலாட்ட ஆயிருச்சுங்ணா. நொம்ப வலிக்குதா?"

எழுந்து பார்த்தேன், முடியவில்லை. "நீயே ஏத்திரு கண்ணு."

"மூத்தவரு நீங்க இருக்கயில நானா?"

"அப்பாவக் கடைசி வரைக்கும் பாத்தது நீதான?"

விளக்கை வாங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிப்போனாள். மேலே சுடர் தெரிந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிட்டேன்.

கீழே மிளகு மூட்டையோடு போன ஒருவர் நின்று, மேலே பார்த்துக் கத்தினார்.

"ஏனுங்க, யாரோ டூரிஸ்ட்டு பூட்ஸ உட்டுட்டுப் போயிட்டாங்களாட்ட இருக்குது! உங்களுக்குத் தெரிஞ்சவங்களுங்களா?"

என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.