வினிஃப்ரெட்டை வென்ற கிருமி

வினிஃப்ரெட்டுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகமும் அல்ல. கூலாய் ஊரில் அவர் குடியிருந்த தாமானின் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். பக்கத்து ஊரான செனாயில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு மேற்பார்வையாளர் வேலை. யாருக்குத் தும்மல் வந்தாலும், பல் வலித்தாலும், பாதி தின்ற மாத்திரை அட்டையோடு போய் நிற்பார்.

"ஸ்ட்ராங் ஆன்டிபயாட்டிக் லா. ரெண்டு போடுங்க, சுகமானதும் நிறுத்திடுங்க. மிச்சத்த எனக்கே குடுத்துடுங்க."

தனக்கும் அதே வைத்தியம்தான். தான் நகர்ந்தால் வேலை நின்றுவிடும் என்ற நினைப்பில், கழிவறைக்குக்கூடப் போகாமல் அடக்கியே பழகியவர். அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரையை எரிச்சல் அடங்கிய மறுநாளே நிறுத்திவிட்டு, மீதியைப் பத்திரப்படுத்துவார். சிக்கனம் என்று பெருமை வேறு.

இந்த ஆண்டு தவக்காலத்தில் கடுப்பு மறுபடி வந்தது. கைவசமிருந்த மாத்திரையைப் போட்டார். அடங்கவில்லை. வேறு நிறத்தில் ஒன்றைப் போட்டார். பார்லித் தண்ணீரைச் சட்டி சட்டியாகக் குடித்தார். கடைசியில் விலாவுக்குக் கீழே முதுகு தெறித்தது, குளிர் உதறியது. கணவர் ரோலண்ட் காரில் ஏற்றிக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்கு விரைந்தார்.

சிறுநீர்ச் சோதனையின் முடிவோடு டாக்டர் ஷர்மினி கட்டிலருகே வந்தார். மகள் வயதுப் பெண்.

"ஆண்ட்டி, வீட்ல என்னென்ன மருந்து சாப்டீங்க?"

வினிஃப்ரெட் பெயர்களை ஒப்பித்தார், கொஞ்சம் மிடுக்கோடுதான்.

"அது எதுவுமே இந்தக் கிருமிக்குக் கேக்காது ஆண்ட்டி. இனிமே ஊசி வழியாதான் மருந்து ஏத்தணும்."

"என் உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு போல."

"உங்க உடம்புக்கு இல்ல, கிருமிக்கு. கண்ட மருந்தையும் கண்டபடி போட்டா, சாகற கிருமி செத்துரும். மருந்துக்குத் தாக்குப்பிடிக்கிறதுதான் தங்கிப் பெருகும்."

வினிஃப்ரெட் டாக்டர் சொன்னதற்குத் தலையாட்டி, ஊசிக்குக் கையை நீட்டினார். அது அவருக்கே புதிய அனுபவம். நரம்பில் மருந்து சொட்டச் சொட்ட, பக்கத்து வீட்டு ஷாமளாவின் பிள்ளைக்குச் சளிக்கென்று கொடுத்த மாத்திரை நினைவுக்கு வந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழவும் செய்தார்.

அந்த வருத்தம் வீடு வந்து சேரும்வரை தாங்கியது. பார்க்க வந்தவர்களிடம், "எனக்கு வந்தது சாதாரணக் கிருமி இல்ல. மருந்தே அதப் பாத்துப் பயப்படும்!" என்று மார்தட்டினார். ஷாமளாவிடம் மட்டும் குரல் தாழ்ந்தது.

"ஷாமளா, பிள்ளைக்கு நான் குடுத்த மாத்திரை... எல்லாத்தையும் குடுத்துட்டியா?"

"அதையா? அன்னிக்கே குப்பைல போட்டுட்டேன்க்கா."

வினிஃப்ரெட்டுக்கு நிம்மதியும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"அப்ப சளி சுகமாயிருச்சுன்னு எனக்கு தேங்க்ஸ் சொன்னியே?"

"சும்மா லா, நீங்க சங்கடப்படுவீங்கன்னு."

இப்போதெல்லாம் வினிஃப்ரெட் கிளினிக்கில் கொடுக்கும் மருந்தை ஒன்றுவிடாமல் சாப்பிட்டு முடிக்கிறார். ஷாமளாவோடு மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.