கோவிலூரில் நின்ற வண்டி

ஜெர்மனியில் படிப்பை முடித்துவிட்டு இரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பினேன். மூன்று விமானம் மாறி மதுரையில் இறங்கியபோது கால் வீங்கி, ஷூ இறுகிப் போயிருந்தது. காதுக்குள் இரைச்சல் நிற்கவே இல்லை. அழைத்துப்போக அப்பா வாடகைக் காரில் வந்திருந்தார். முதலில் பெட்டியைத் தொட்டார், பிறகுதான் என் தோளை. விமானம் பிந்தி வந்ததை என் தவறு போலச் சொல்லிக்காட்டினார்.

காரணம் திருப்பத்தூர் தாண்டியதும் புரிந்தது. அன்று வெள்ளிக்கிழமை. எவ்வளவு விரட்டினாலும் சாக்கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இராகு காலத்தில்தான் போய்ச் சேருவோம். கோவிலூர் வந்ததும் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். பன்னிரண்டு மணி தாண்டட்டும் என்றார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதையெல்லாம் மறுத்துப் பேச எனக்குத் தெரியும். பேசத்தான் தெம்பில்லை. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா இராகு காலத்தில் வந்து இறங்கிய வாரமே பம்புசெட் மோட்டார் கிணற்றுக்குள் விழுந்த கதையை அப்பா டிரைவருக்குச் சொன்னார். கயிறு பழசாக இருந்திருக்கும் என்றார் டிரைவர். அதன்பிறகு அப்பா அவரோடு பேசவில்லை.

கோவிலூரில் நிற்பதைச் சொல்ல அம்மாவுக்குப் போன் செய்தேன். சர்க்கரைக்காரி. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நான் வந்த பிறகுதான் சாப்பாடு என்று வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். குரல் தேய்ந்திருந்தது. சாப்பிடச் சொன்னால் முடியாது என்றாள். அப்பா போனை வாங்கி அதட்டிப் பார்த்தார். அவள் வைத்துவிட்டாள்.

"போயிருவோம்ப்பா. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுய்யா. ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா நாந்தான இதையே நெனச்சுக்கிட்டுக் கெடக்கணும்."

அவர் கை கார்க் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. அம்மாவுக்கு மறுபடி போன் போட்டேன், எடுக்கவில்லை. பயத்தையும் மீறிக் கண் சொக்கியது.

விழித்தபோது எதிரே பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோ. அம்மா தூக்குவாளியோடு இறங்கிக்கொண்டிருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். அப்பா பக்கம் திரும்பாமல் நேராக என்னிடம் வந்து கன்னத்தைத் தடவினாள். விரல்கள் சில்லென்று வேர்த்திருந்தன.

இப்படி ரோட்டிலா என்று அப்பா முணுமுணுத்தார்.

"வாசப்படி ஏறத்தான நேரம் பாத்தீக? சோறு திங்கவுமா பாத்தீக?"

அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து சாம்பார் சோற்றைப் பிசைந்தாள். எனக்கு நீட்டிய முதல் உருண்டையை வாங்கி அவள் வாயிலேயே வைத்தேன். திட்டிக்கொண்டே விழுங்கினாள். அடுத்ததையும் வைத்தேன். அவள் கை நடுக்கம் மெல்ல அடங்கும்வரை அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நான் சாப்பிட்டேன். டிரைவருக்கும் ஒரு பங்கு போனது.

பன்னிரண்டு தாண்டிவிட்டது, கிளம்பலாமா என்று டிரைவர் கேட்டார்.

"இருப்பா," என்றார் அப்பா. "அவ இன்னும் ரெண்டு வாய் சாப்பிடட்டும்."

அதைக் கேட்டபடியே அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். வாசலில் ஆரத்தி எடுத்தார்களாம், வலது காலை எடுத்து வைக்கச் சொன்னார்களாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை.